பித்தநாள ஸ்டென்ட் ஏன் நழுவுகிறது: பிடிமானமும் எடுக்கும் வசதியும்

பித்தப்பையை எடுத்த அறுவைக்குப் பின் ஒருவருக்குப் பித்தநாளம் (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய்) சுருங்கிவிட்டது. அதைத் திறந்து வைக்க, வலைக்குழாய் மேல் முழுதாகப் படலம் போர்த்திய, அதாவது முழு உறை போட்ட மெட்டல் ஸ்டென்ட் வைத்தார்கள். ஓராண்டு இருக்க வேண்டியது, ஐந்தாம் மாத எக்ஸ்ரேயில் காணவே இல்லை. பிளாஸ்டிக் வைத்திருந்தால் நின்றிருக்குமா, வைத்தவர் கைத்தவறா, நகரவே நகராத ஸ்டென்ட் கிடையாதா? கேள்வி இதுதான்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நகராத ஸ்டென்ட் இருக்கிறது: உறையே இல்லாத மெட்டல் வலை. வைத்த சில வாரங்களில் நாளத்தின் உட்சவ்வு வலைக்கண்கள் வழியே உள்ளே வளர்ந்து அதைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் அசையாது, எடுக்கவும் வராது. புற்றுநோய் அடைப்பில் இது நல்ல குணம். புற்று அல்லாத சுருக்கத்தில், இன்னும் பல பத்தாண்டுகள் வாழப்போகிறவருக்கு இதுவே வினை. உள்ளே வளர்ந்த சதை ஸ்டென்டையே அடைக்கும். கழற்ற முடியாத கம்பி, பின்னால் அறுவை செய்ய நினைப்பவருக்கும் தடையாக நிற்கும். பிடிமானம் கூடினால் எடுக்கும் வசதி குறையும், எடுக்கும் வசதி கூடினால் பிடிமானம் குறையும். ஸ்டென்டில் எந்த வடிவ மாற்றத்தைப் பார்த்தாலும், இந்தத் தராசில் எந்தத் தட்டில் எடை போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

கீழே 'மேல்' என்றால் கல்லீரல் பக்கம், 'கீழ்' என்றால் குடல் பக்கம். பித்தநாளம் முன்சிறுகுடலில் திறக்கும் சின்ன முகடு பாப்பிலா. அதைச் சுற்றிச் சுருக்குத்தசை. பொதுப் பித்தநாளம் ஏறக்குறைய 7-8 செ.மீ. நீளம், சாதாரணமாக 6 மி.மீ. அகலம். அடைப்புக்கு மேலே இருக்கும் பகுதி உப்பி இதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும்.

முதலில் பிளாஸ்டிக். எண்டோஸ்கோப் வழியாகப் பித்தநாளத்தில் குழாய் வைத்ததை ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் மருத்துவர் சோஹேந்திரா 1979ல் அறிவித்தார். பாலிஎத்திலீன், டெஃப்லான், பாலியூரித்தேன் என்று பொருள் மாறினாலும் அடிப்படை உருவம் இன்றும் கிட்டத்தட்ட அதேதான். அளவு ஃப்ரெஞ்ச் கணக்கில்: 1 ஃப்ரெஞ்ச் மி.மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 7, 8.5, 10, 11.5 ஃப்ரெஞ்ச் கிடைக்கும். 10 ஃப்ரெஞ்ச் என்றால் வெளிவிட்டம் 3.3 மி.மீ. அதற்கு மேல் பெரிதாகப் போக முடியாததற்குக் காரணம் நாளம் அல்ல, ஸ்கோப். குழாய் நுழையும் பாதையின் விட்டமே 4.2 மி.மீ. தான்.

விட்டத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு? குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 7 ஃப்ரெஞ்சிலிருந்து 10 ஃப்ரெஞ்சுக்குப் போனால் விட்டம் ஒன்றரை மடங்குகூடக் கூடவில்லை, ஓட்டமோ கணக்குப்படி நான்கு மடங்கு. ஆனாலும் 10 ஃப்ரெஞ்ச் குழாயும் சராசரியாக மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்கிறது. குடலிலிருந்து ஏறும் பாக்டீரியா உட்சுவரில் பசைப்படலம் கட்டும். அவற்றின் நொதிகள் பித்தத்தின் மஞ்சள் நிறப்பொருளான பிலிருபினையும் கொழுப்பையும் பிரித்துவிட, அவை கால்சியத்தோடு சேர்ந்து சேறாகப் படியும். கூடவே குடலிலிருந்து எதிரேறும் உணவு நார். ஆன்டிபயாட்டிக்கும், பித்தத்தை இளக்கும் மருந்தான அர்சோடியாக்சிகோலிக் அமிலமும் தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டென்டின் ஆயுள் உருப்படியாக நீளவில்லை. தேதி பார்த்து மாற்றுவது ஒன்றே வழி.

பிளாஸ்டிக்கில் பிடிமானம் இரண்டு விதம். நேர்க்குழாயில், இரு முனையிலும் சுவரைச் சாய்வாகக் கீறி வெளிப்பக்கம் தூக்கிவிட்ட ஒரு நாக்கு இருக்கும், மடல் என்பார்கள். மேல்மடல் சுருக்கத்தின் மேல்விளிம்பில் மாட்டி, ஸ்டென்ட் கீழே விழாமல் தாங்கும். கீழ்மடல் பாப்பிலாவுக்கு வெளியே, குடலுக்குள் நின்று, ஸ்டென்ட் மேலே ஏறாமல் தடுக்கும். இரண்டாவது வகையில் இரு முனையும் பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். இது நகர்வது குறைவு. குடல் சுவரையும் குத்தாது. ஆனால் சுருளும் பக்கத்துளைகளும் ஓட்டத்தைக் குறைக்கும். கல்லுக்காக வைப்பதென்றால் சுருள்முனை சரி. இறுகிய சுருக்கத்துக்கு நேர்க்குழாயே என் தேர்வு.

இந்த மடல்களை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. 1992ல் வெளியான, இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வில் பிளாஸ்டிக் பித்த ஸ்டென்ட்களில் 4.9 சதவீதம் மேலேயும் 5.9 சதவீதம் கீழேயும் நகர்ந்திருந்தன. மேலே ஏறியவற்றில் மூன்று விஷயங்கள் தூக்கலாகத் தெரிந்தன: புற்று அடைப்பு, 10 ஃப்ரெஞ்சை விடப் பருமனான குழாய், 7 செ.மீட்டருக்குக் குறைந்த நீளம். கடைசியதே நடைமுறையில் அதிகம் உதைக்கிறது. குட்டையான ஸ்டென்டின் கீழ்மடல் பாப்பிலாவின் உதட்டை ஒட்டியே நிற்கும். சுருக்குத்தசையைக் கீறி வாய் அகலமாகியிருந்தால் மடல் மடங்கி உள்ளே போக இடம் கிடைத்துவிடுகிறது. மறுபக்கம், ஒரே சுருக்கத்தில் மூன்று நான்கு குழாய்களை அருகருகே இறுக்கி வைத்தால் அவை ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். தனிக்குழாயை விட நகர்வு குறைவு.

நீளம் எடுப்பதை அருகில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நகர்வின் வேர் பல நேரம் இங்கேதான் இருக்கிறது. எக்ஸ்ரே திரையில் தெரியும் நீளத்தை ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. திரை பெரிதாக்கிக் காட்டும். சரியான வழி இழுத்து அளப்பது. ஸ்கோப் வழியே செலுத்தும் மெல்லிய குழாயான கதீட்டரின் நுனியைச் சுருக்கத்தின் மேல்விளிம்பில் நிறுத்துங்கள். ஸ்கோப்பின் நுழைவாயிலை ஒட்டிக் கதீட்டரை இரு விரலால் பிடியுங்கள். திரையில் நுனியைப் பார்த்துக்கொண்டே அது பாப்பிலாவுக்கு வரும் வரை இழுங்கள். விரலுக்கும் நுழைவாயிலுக்கும் நடுவே விழுந்த இடைவெளிதான் உண்மையான தூரம். 5 செ.மீ. வந்தால் 7 செ.மீ. ஸ்டென்ட் கேட்கலாம்: மேலே ஒன்று, கீழே ஒன்று. பிளாஸ்டிக் ஸ்டென்டின் நீளம் பொதுவாக மடலுக்கு மடல் அளந்ததா, முனைக்கு முனை அளந்ததா என்பதை அது வரும் பொதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

பயந்துகொண்டு நீளத்தைக் கூட்டுவதும் தீர்வல்ல. குடலுக்குள் 2-3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் விறைத்த நேர்க்குழாய் எதிர்ச்சுவரில் இடித்துப் புண்ணாக்கும், இரத்தம் கசியும், அரிதாகத் துளைக்கவும் செய்யும். பாப்பிலாவுக்கு வெளியே 1 செ.மீ. போதும்.

தள்ளும்போது நடக்கும் பிழையும் ஒன்று உண்டு. 10 ஃப்ரெஞ்ச் தொகுதியில் 0.035 அங்குலக் கைடு வயர் (வழிகாட்டும் மெல்லிய கம்பி), அதன் மேல் ஓடும் மெல்லிய உள்குழாய், அதன் மேல் ஸ்டென்ட், ஸ்டென்டுக்குப் பின்னால் தள்ளுகுழாய் என்று வரிசை. ஸ்கோப்பைப் பாப்பிலாவுக்கு அருகிலேயே வைத்து, தூக்கியை (ஸ்கோப் நுனியில் கருவியை நிமிர்த்தும் சிறு நெம்பு) திறந்து மூடி, சிறு சிறு தள்ளலாக ஏற்ற வேண்டும். தூரத்தில் நின்று தள்ளினால் ஸ்டென்ட் குடலுக்குள் வில்லாக வளைந்து நிற்கும், மேலே போகாது. கீழ்மடல் பாப்பிலாவைத் தொட்டதும் நிறுத்தி, தள்ளுகுழாயை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்குழாயையும் வயரையும் உதவியாளர் உருவ வேண்டும். இந்த நேரத்தில் தள்ளுகை ஒரு சென்டிமீட்டர் முன்னே போனால் கீழ்மடல் நாளத்துக்குள் போய்விடும். ஸ்டென்ட் மேலே நகர்ந்ததாகப் பின்னால் பதிவாகும் சில, முதல் நாளே இப்படிப் போனவை.

இனி மெட்டல். தானே விரியும் வலை. மடித்த நிலையில் 6 முதல் 8.5 ஃப்ரெஞ்ச் வெளியுறைக்குள் அடங்கும், விட்டால் 8 அல்லது 10 மி.மீ. ஆகும். 10 ஃப்ரெஞ்ச் பிளாஸ்டிக்கை விட மூன்று மடங்கு விட்டம், ஒன்பது மடங்கு பரப்பு. இன்று பெரும்பாலும் நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பி. உடல் வெப்பத்தில் தன் பழைய உருவத்தை நினைவு வைத்துத் திரும்பிவரும் உலோகம் அது. முழுதாக விரிய ஒன்று முதல் மூன்று நாள் ஆகும்.

மெட்டல் ஸ்டென்டில் விளம்பரத் தாள்கள் விரிவிசையைப் பற்றியே பேசும். சுருக்கத்தை வெளிநோக்கி அழுத்தும் விசை அது. நகர்வுக்கும் மற்றத் தொல்லைகளுக்கும் அதே அளவு பொறுப்பான இன்னொன்று நிமிர்விசை: வளைந்த நாளத்துக்குள் வைத்த ஸ்டென்ட் தன்னை நேராக்கிக்கொள்ள முயலும் விசை. பித்தநாளம் நேர்க்கோடல்ல. நிமிர்விசை கூடிய ஸ்டென்ட் மேல்முனையில் நாளச் சுவரில் முட்டும். அங்கே நாளம் மடங்கும், சதை தடிக்கும், புதிதாக ஒரு சுருக்கம்கூட உருவாகலாம். வளைவுக்கு ஒத்துப்போகாத ஸ்டென்ட் ஒவ்வொரு குடலசைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடம் தேடும். விரிவிசை போதிய அளவும் நிமிர்விசை குறைவாகவும் இருப்பதுதான் நல்ல ஸ்டென்ட். கம்பிகள் குறுக்குமறுக்காகக் கோத்து மாட்டிய பின்னல்கள், கம்பிகள் வெறுமனே ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே போகும் பின்னல்களை விட வளைவுக்கு இணங்கும்.

பின்னிய வலைக்கும், குழாயிலிருந்து லேசரால் வெட்டிய வலைக்கும் ஒரு முக்கிய வேறுபாடு. வெட்டியது விரிந்தாலும் நீளம் ஏறத்தாழ மாறாது. பின்னியது விரிய விரியக் குட்டையாகும். சில வகைகளில் மூன்றில் ஒரு பங்கு வரை. வைத்த அன்று இறுகிய சுருக்கத்தில் ஸ்டென்டின் இடுப்பு ஒடுங்கி நிற்கும். ஆகவே அது அப்போது நீளமாக இருக்கும், கீழ்முனை குடலுக்குள் 1 செ.மீ. அழகாகத் தெரியும். அடுத்த இரண்டு மூன்று நாளில் இடுப்பு விரிய, நீளம் குறைய, கீழ்முனை பாப்பிலாவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். வைத்த அன்று எடுத்த படத்தையும் நான்காம் நாள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கண்ணில் படும். நகர்வு என்று எழுதப்படும், உண்மையில் குறுக்கம். இதற்கு இடம் விட்டே நீளம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இறக்கும்போது மேல்முனை முதலில் திறக்கும். திறந்த பகுதி விரிந்து சுருக்கத்தின் மேல்தோளில் மாட்டிக்கொண்டு முழுத் தொகுதியையும் மேலே இழுக்கப் பார்க்கும். உதவியாளர் வெளியுறையை மெதுவாக உருவ, மருத்துவர் தொடர்ந்து கீழ்நோக்கி இழுவை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரளவு திறந்த பின்னும் திரும்ப உறைக்குள் இழுக்கும் வசதி பல வகைகளில் உண்டு. அந்த எல்லையைக் காட்டும் குறியைத் தாண்டியபின் கிடையாது. சுருக்கம் ஸ்டென்டின் நட்டநடுவில் வர வேண்டும் என்பதுதான் இங்கே ஒரே விதி. காரணம் எளிது: ஈரச் சோப்பை நடுவில் பிடித்தால் கையில் நிற்கும், ஓரத்தில் இறுக்கினால் துள்ளி ஓடும். மேல் ஓரத்தில் மட்டும் சுருக்கம் பிடித்திருக்கும் ஸ்டென்ட் குடல் பக்கம் வழுக்கும். கீழ் ஓரத்தில் பிடித்திருந்தால் மேலே ஏறும்.

இப்போது உறை. சிலிக்கோன், பாலியூரித்தேன் அல்லது விரித்த டெஃப்லான் வகைப் படலத்தை வலை மேல் போர்த்தினால் சதை உள்ளே வளராது. ஸ்டென்டை இழுத்து எடுக்கலாம். விலை: பிடிமானம் போய்விட்டது. இனி அதை நிறுத்துவது விரிவிசை மட்டுமே. முனைகளில் மட்டும் சிறிது தூரம் உறையில்லாமல் விட்ட நடுவகை ஸ்டென்ட், அந்த ஓரங்களில் சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நகர்வு குறையும், ஆனால் எடுக்கப் போகும்போது அதே ஓரங்கள் கவ்விக்கொண்டு வராது. புற்று அல்லாத சுருக்கத்தில் நடுவகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறைக்கு இன்னொரு பக்கவிளைவும் உண்டு: பித்தப்பை உள்ளவருக்கு அதன் நாளத்தை அடைத்துப் பித்தப்பை அழற்சி வரலாம். கல்லீரல் வாயிலில் இடவல நாளங்கள் பிரியும் இடத்தில் உறைபோட்ட மெட்டல் வைத்தால் பக்கக் கிளைகள் மூடிப்போகும். அங்கே புற்றுக்கு உறையில்லாததோ பிளாஸ்டிக்கோதான்.

முழு உறை ஸ்டென்டை நழுவாமல் நிறுத்த உருவத்தில் செய்த முயற்சிகள் பல. முனைகளை எக்காளம் போல விரித்தார்கள். நடுவை ஒடுக்கி இரு முனையையும் உருட்டுக்கட்டை போலாக்கினார்கள். மேல்முனையில் நான்கு மடல்களைத் தூக்கிவிட்டார்கள். 2011ல் வெளியான, 43 பேரை வைத்துப் பல மையங்களில் செய்த சிறு ஒப்பீட்டில், முனை விரிந்த வகையில் 33 சதவீதம் நகர்ந்தன. மடல் வைத்த வகையில் ஒன்றுகூட நகரவில்லை. எண்ணிக்கை சிறிது என்பதால் பூஜ்ஜியத்தை அப்படியே நம்ப வேண்டாம்; எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று காட்டுகிறது. எடுக்கும்போது மடல்கள் நாளச் சுவரைச் சற்றே சிராய்க்கும். அது ஏற்கத்தக்க விலை.

கல்லீரல் மாற்று அறுவைக்குப் பின் பித்தநாள இணைப்பில் வரும் குட்டைச் சுருக்கங்களுக்கு, முழுவதும் நாளத்துக்குள்ளேயே அடங்கும் சிறு ஸ்டென்ட் வந்திருக்கிறது. இடுப்பு ஒடுங்கிய உருவம். கீழ்முனையிலிருந்து ஒரு நீள நூல் பாப்பிலா வழியே குடலில் தொங்கும். எடுக்கும்போது நூலைப் பிடித்து இழுத்தால் போதும். குடலசைவு நேரடியாக ஸ்டென்டைப் பற்றி இழுக்க வழியில்லை, சுருக்குத்தசையும் தன் வேலையைச் செய்யும்.

உருவத்தை மாற்றாமலே செய்யும் ஒரு தந்திரமும் உண்டு: முழு உறை மெட்டலின் உள்ளே இரு முனையும் சுருண்ட பிளாஸ்டிக் ஸ்டென்ட் ஒன்றை நுழைத்துவிடுவது. மேல்சுருள் மெட்டலுக்கு மேலே நாளத்துக்குள், கீழ்ச்சுருள் குடலுக்குள். நங்கூரமாகவும் நிற்கும், மெட்டல் நழுவினாலும் வடிகால் அறுபடாது. முன்பு ஒருமுறை நழுவியவருக்கு இரண்டாம் முறை வைக்கும்போது இதை யோசிக்கலாம்.

விட்டம் பொருந்துவதும் கணக்கில் வரும். நாளம் 6 மி.மீட்டருக்கும் ஒடுங்கியிருந்தால் முழு உறை மெட்டல் பொருத்தமான தேர்வல்ல. முழு உறை மெட்டலையும் பல பிளாஸ்டிக்கையும் ஒப்பிட்டு 2016ல் வந்த 112 பேர் பரிசோதனையும் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் நாளம் உள்ளவர்களையே சேர்த்தது. ஓராண்டில் சுருக்கம் தீர்ந்தது மெட்டலில் 92.6 சதவீதம், பல பிளாஸ்டிக்கில் 85.4 சதவீதம். பலன் ஏறத்தாழ ஒன்று. வித்தியாசம் எத்தனை முறை எண்டோஸ்கோபி என்பதில். மெட்டலில் சராசரி 2.14, பிளாஸ்டிக்கில் 3.24. ஆகவே பிளாஸ்டிக்கே வைத்திருக்கலாமா என்ற கேள்விக்கு நேர்ப் பதில்: பலனில் பெரிதாக இழந்திருக்க மாட்டீர்கள், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற ஒப்புக்கொண்டிருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கணைய அழற்சி வரும் சிறு ஆபத்தோடு. அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் செயல்முறைக்குச் சற்று முன் 100 மி.கி. டைக்ளோஃபெனக் அல்லது இண்டோமெத்தசின் மலவாய் வழியாக வைக்கிறார்கள், முரண்காரணம் இல்லாதவர்களுக்கு.

எந்தச் சுருக்கம் என்பதைப் பார்க்காமல் ஸ்டென்டை மட்டும் குறை சொல்ல முடியாது. நாட்பட்ட கணைய அழற்சியில், குறிப்பாகச் சுண்ணாம்பு படிந்த கணையத்தில், சுருக்கம் நாளத்தின் கீழ்ப்பகுதியில் நீளமாகவும் விறைப்பாகவும் இருக்கும். வெளியிலிருந்து இறுகப் பிடிக்கும். 10-12 மாதம் வைக்க வேண்டிவருகிறது, அதன் பின்னும் திரும்ப வருவது உண்டு. மாற்றுக் கல்லீரல் இணைப்பில் 4-6 மாதம் வழக்கம். பித்தப்பை அறுவைக் காயத்தில் 10-12 மாதம். இங்கே சுருக்கம் குட்டை, பிடித்துக்கொள்ளும் நீளமே குறைவு. முதன்மை ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ் (பித்தநாளங்கள் அழற்சியால் தழும்பாகிச் சுருங்கும் நோய்) தனிக்கதை: அங்கே பலூனால் விரிப்பதே முதலில், ஸ்டென்ட் வைத்தாலும் ஒன்று இரண்டு வாரத்தில் எடுத்துவிட வேண்டும். IgG4 என்ற எதிர்ப்புப் புரதம் சார்ந்த அழற்சி நோயில் ஸ்டீராய்டே சுருக்கத்தை இளக்கிவிடும், ஸ்டென்ட் பல நேரம் தேவையில்லை. எதிலும் முதல் வேலை, இது புற்று இல்லை என்று பிரஷால் சுரண்டிய செல்கள், சதைத்துணுக்கு ஆகியவற்றால் உறுதிசெய்துகொள்வது. அதைச் செய்யாமல் வைத்த ஸ்டென்ட் நோயை மறைத்துவிடும்.

இப்போது அந்த ஐந்தாம் மாத எக்ஸ்ரே. குட்டைச் சுருக்கம், வழவழப்பான உறை, மாதக்கணக்கில் வெளிநோக்கி அழுத்தம். சுருக்கம் விரிந்துகொடுத்ததும் பிடி தளர்ந்து ஸ்டென்ட் குடலுக்கு இறங்கி மலத்தோடு போய்விடும். ஸ்டென்ட் தன் வேலையை முடித்துவிட்டுப் போனதா, முடிக்காமல் போனதா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. இரத்தத்தில் பிலிருபினும் அல்கலைன் பாஸ்படேஸும் (பித்த அடைப்பில் ஏறும் நொதி) சொல்லும். அடைப்பு திரும்பும்போது பாஸ்படேஸ் முதலில் ஏறும், பிலிருபின் பின்னால் வரும்; மஞ்சள் கண்ணில் தெரியும் வரை காத்திருக்கக் கூடாது. அதோடு அல்ட்ராசவுண்டில் கல்லீரல் நாளங்கள் உப்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஸ்டென்ட் இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு சிறு துப்பு: திறந்த ஸ்டென்ட் வழியாகக் குடல் காற்று ஏறி நாளங்களில் தெரியும். முன்பு தெரிந்த காற்று இப்போது காணாமல் போயிருந்தால் அடைத்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

முழுதாகக் கீழே போனதை விட அரைகுறையாக நழுவியது மோசம். மேல்முனை சுருக்கத்துக்குக் கீழே வந்துவிட்டால் வடிகால் இல்லை; கீழ்முனை குடலில் அதிகம் நீட்டி எதிர்ச்சுவரைக் குத்தும். இதை எட்டிப் பிடித்து எடுத்துவிட வேண்டும். முழுதாகப் போனவை பெரும்பாலும் தொல்லை தராமல் வெளியேறும். குடல் ஒட்டல், குடலிறக்கம், பெருங்குடலில் பைகள் உள்ளவர்களுக்குத்தான் மாட்டிக்கொள்ளும் பயம். அதிலும் விறைத்த நேர்ப் பிளாஸ்டிக்குக்கு அதிகம். அடுத்தடுத்த எக்ஸ்ரேயில் ஒரே இடத்தில் நின்றால், அல்லது வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தால், சி.டி. எடுக்க வேண்டும்.

மேலே ஏறிய பிளாஸ்டிக்கை எடுப்பது பொறுமை வேலை. கீழ்முனை பாப்பிலாவை ஒட்டித் தெரிந்தால் பல்லிடுக்கியே போதும். தெரியாவிட்டால் ஸ்டென்டுக்குப் பக்கத்தில் பலூன் கதீட்டரை ஏற்றி, ஊதி, மெல்ல இழுக்கலாம். உரசலில் ஸ்டென்ட் கூடவே இறங்கும். ஸ்டென்டின் துளைக்குள்ளேயே வயரை நுழைக்க முடிந்தால் பாதி வெற்றி: அதன் மேல் திருகுமுனை கொண்ட எடுப்பானை ஓட்டி, மரையாணி போலத் திருகி இழுக்கலாம், அல்லது 4 மி.மீ. பலூனை உள்ளே ஊதிப் பிடிக்கலாம். கூடை, சுருக்குக்கண்ணி அதன் பின். ஸ்டென்ட் இறுகிய சுருக்கத்துக்கு மேலே போயிருந்தால் முதலில் சுருக்கத்தைப் பலூனால் விரித்தாக வேண்டும். எல்லாம் தோற்றால் நாளத்துக்குள் நேரே பார்க்கும் மெல்லிய ஸ்கோப்பும் சிற்றிடுக்கியும். காய்ச்சலும் சீழும் உள்ளவரிடம் இந்தப் போராட்டத்தை அன்றே முடிக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே இன்னொரு ஸ்டென்ட் வைத்து வடியவிட்டு, சில வாரம் கழித்து வரலாம். வடிகால்தான் அவசரம், எடுப்பது அவசரமில்லை.

முழு உறை மெட்டலில் கீழ்முனை நூல்வளையத்தைப் பிடித்து இழுத்தால் வாய் சுருங்கி வந்துவிடும். குறித்த காலத்தைத் தாண்டி விட்டுவைத்தால் உறை கிழிந்து சதை உள்ளே வளர்ந்திருக்கும், அப்போது வராது. வலுக்கட்டாயமாக இழுக்கக் கூடாது. கம்பி அறுந்து நாளம் கிழியும். அதற்குள் அதே அளவோ சற்று நீளமோ உள்ள இன்னொரு முழு உறை ஸ்டென்டை வைத்து 10-14 நாள் விட்டால், வளர்ந்த சதை அழுத்தத்தில் கரைந்துபோகும். பிறகு இரண்டையும் சேர்த்து எடுக்கலாம்.

கேள்வியிலுள்ள நபருக்கு: பாஸ்படேஸும் பிலிருபினும் இயல்பு, நாளம் உப்பவில்லை, காய்ச்சலில்லை என்றால் உடனே இன்னொரு ஸ்டென்ட் வைக்க அவசரப்பட வேண்டாம். எம்.ஆர்.சி.பி. (பித்தநாளத்தைக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம்) எடுத்து, சுருங்கிய இடம் எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்து, முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் சோதனை செய்தால் போதும். சுருக்கம் இன்னும் இறுகியே இருந்தால் இரண்டாம் முறை மடல் வைத்த முழு உறை மெட்டல், சுருக்கம் நடுவில் வருமாறு, உள்ளே சுருள்முனைப் பிளாஸ்டிக் நங்கூரத்தோடு. அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் பிளாஸ்டிக். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்று வலி, கருத்த சிறுநீர் இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் வரை தள்ளாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது கையில் இருக்க வேண்டிய தாள் ஒன்றுதான்: ஸ்டென்டின் வகை, விட்டம், நீளம், வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி.